பச்சை பூசிய எண்ணெய்க் கேன்

அக்கா,

உங்கள் வீட்டுக் கேட்டுக்கு இன்று காலையில் பச்சை பெயிண்ட் அடிக்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். கேட் துருப்பிடித்துக் கிடந்ததும் உண்மைதான். ஆனால் அந்த எனாமல் வாசனை மதிலைத் தாண்டி என் சமையல்கட்டுக்குள் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது. குக்கரை அடுப்பில் ஏற்ற அரை மணி நேரம் ஆனது. விழுப்புரம் பஸ்ஸையும் விட்டேன். அலுவலகத்துக்குப் போன் செய்து தலைவலி என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போனவருக்குக் கடிதம் எழுதினால் முதலில் சிரிப்பது நீங்களாகத்தான் இருக்கும். "இன்னா வசந்தி, ஸ்டாம்ப்ப எங்க ஒட்டுவ?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நீங்கள் இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை. இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன்.

உங்கள் மகன் கல்ஃபிலிருந்து லீவில் வந்தபோது அந்தக் கேமராவைக் கொண்டுவந்தான். பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்கலாம் என்றால் அவர்கள் அவனோடு அங்கேயே இருந்தார்கள். அம்மா திண்டிவனத்தில் தனியாக இருக்கிறாளே, எதையாவது பிடித்துக்கொண்டு பொழுதைத் தள்ளட்டும் என்று நினைத்திருப்பான். நீங்கள் முதலில் முருங்கைப் பூவை எடுத்தீர்கள். பிறகு பூவுக்கு வந்த தேன்சிட்டை எடுத்தீர்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். ஒரு வாரத்துக்குள் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் இரண்டு பக்கமும் ஜன்னல் வெட்டி, குருவி உட்காரக் குறுக்கே ஒரு மரக்கரண்டிக் காம்பைச் செருகி, மதிலோர முருங்கைக் கிளையில் கம்பி போட்டுத் தொங்கவிட்டுவிட்டீர்கள்.

அன்றைக்கே வேலையும் பிரிந்தது. "தண்ணியும் போட்டோவும் என்னுது. தானியம் உன்னுது. நீதான் வெவசாயக் குடும்பம்" என்றீர்கள். பெருமுக்கலில் என் தம்பி பயிர் வைத்திருந்ததால் கம்பும் கேப்பையும் நொய்யரிசியும் எனக்குப் பஞ்சமில்லை. தினமும் சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து திரும்பியதும் மதில் மேல் எட்டி நான் கேனை நிரப்புவேன். காலையில் நீங்கள் சமையல்கட்டுக்குப் பின்னால் துணிக்கொடியில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, அதில் வெட்டிய ஓட்டை வழியாக லென்ஸை நீட்டிக்கொண்டு உட்காருவீர்கள். சிலிண்டர் கொண்டுவந்த ஆள் அதைப் பார்த்து, "யம்மா, இன்னாம்மா துப்பாக்கியா?" என்று இரண்டு எட்டு பின்னால் போனது நினைவிருக்கிறதா? நீங்கள் போர்வைக்குள்ளிருந்தே, "கத்தாத, ஓடிப்பூடும்" என்றீர்கள். அவர் தன்னைத்தான் ஓடச் சொல்கிறீர்கள் என்று நினைத்து வாசலிலேயே சிலிண்டரை வைத்துவிட்டுப் போனார்.

நெஞ்சில் செதில் செதிலாகப் புள்ளி போட்ட சில்லைக் குருவிகள் கூட்டமாக வரும். மைனா வந்தால் சண்டை. காகம் வந்தால் நீங்கள் சண்டை. "பேஜாரு புடிச்சவன், வந்துட்டான் பாரு" என்று செருப்பைத் தேடுவீர்கள். ஆனால் உங்கள் உயிர் அந்தக் கால் வளைந்த ஆண் சிட்டுக்குருவியிடம்தான் இருந்தது. நொண்டி மாப்ள என்று பெயர் வைத்தீர்கள். எத்தனையோ படம் எடுத்தீர்கள் அவனை. ஒரே ஒரு படம் மட்டும் கிடைக்கவில்லை. அவன் தன் குஞ்சைக் கேனுக்குக் கூட்டிவந்து வாயில் ஊட்டுகிற படம்.

கூட்டிவந்தான், பலமுறை. ஆனால் எடுத்த படத்திலெல்லாம் கேனின் வெள்ளை பளபளவென்று அடித்துக் குருவியை விழுங்கிவிடும். கேமராவின் திரையைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவீர்கள், கூடவே ஒரு புலம்பல். அலுவலகத்தில் டீ நேரத்தில் நான் அதைப் பார்ப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளையாக ஒரு டப்பாவும் பழுப்பாக ஒரு புகையும். "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்று பதில் போடுவேன். பொய் சொல்வது எனக்கு அப்போதே நன்றாக வந்தது.

அந்த ஆவணியில்தான் கேனுக்குப் பெயிண்ட் அடிக்கும் யோசனை உங்களுக்கு வந்தது. கேட்டுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பச்சை. "எலையோட எலையா போயிரும். குருவி மட்டும் தனியா தெரியும் பாரு" என்றீர்கள். வியாழக்கிழமை அடித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சனிக்கிழமை மறுபடி தொங்கவிட்டீர்கள்.

அதே வாரம் என் வீட்டில் தானியம் தீர்ந்திருந்தது. அலுவலகத்தில் ஆய்வு, ஏழு மணிக்கு முன்னால் வீடு திரும்பவில்லை. கடைக்குப் போக உடம்பும் வணங்கவில்லை. தம்பி முந்தின வாரம் வந்தபோது விதைத்து மிஞ்சிய அரைப் பாக்கெட் கம்பை வைத்துவிட்டுப் போயிருந்தான். கம்பெனி விதை, ரோஸ் நிறம். "மருந்து போட்ட வெதக்கா. கோழிக்குக் கீழிக்குப் போட்டுடாத. கொல்லையில குழி வெட்டிப் பொதச்சிடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் கேட்டேன். என் காதால் கேட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு நெல்மணி காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். தானியத்தைக் குழியில் போட எனக்குக் கை வரவில்லை. மருந்து மேலேதானே இருக்கிறது, கழுவினால் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நான்கு தண்ணீர் கழுவினேன் அக்கா. முதல் தண்ணீர் குங்குமம் கரைத்தது போல வந்தது. நான்காவது தண்ணீர் தெளிவாக வந்தது. மொட்டைமாடியில் பேப்பர் விரித்துக் காயவைத்தேன். பார்த்தால் நல்ல கம்புதான். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் பச்சைக் கேன் நிறைய அதைத்தான் கொட்டினேன். நீங்கள் என்ன தானியம் என்றுகூடக் கேட்கவில்லை. என்றைக்குக் கேட்டீர்கள்?

ஞாயிறு காலை ஏழு மணிக்கு உங்கள் படம் வந்தது. கூடவே உங்கள் குரல். "கெடச்சிட்ச்சி வசந்தி! நொண்டி மாப்ள ஊட்டுறான்! நல்லா வாயத் தொறந்துக்கினு கீது குட்டி! ஜல்தி எழுந்து பாரு!" அந்தக் குரலை நான் அழிக்கவில்லை. போன் மாற்றியபோதும் முதலில் அதைத்தான் மாற்றினேன்.

எட்டு மணிக்கு நீங்கள் மதிலருகே நின்று கூப்பிட்டீர்கள். வெறுமனே என் பெயர். ஓடிவந்தேன். முருங்கைக்குக் கீழே ஆறு சில்லைகள். நொண்டி மாப்ள மல்லாந்து கிடந்தான். குஞ்சு மட்டும் இன்னும் போகவில்லை. நிற்கப் பார்ப்பதும் சாய்வதுமாக இருந்தது. நீங்கள் அதை உள்ளங்கையில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டீர்கள். அது உங்கள் கையிலேயே போனது.

பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் ஆள்காட்டி விரலை என் முன்னால் நீட்டினீர்கள். நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைச் சிம்பு. கேன் பிளாஸ்டிக், அதில் எனாமல் ஒட்டாமல் உரிந்து தானியத்தில் விழுந்திருந்தது.

"பெயிண்ட்டு வசந்தி. நாந்தான். ஒரு போட்டோவுக்கு ஆசப்பட்டு எட்டு உசுர எடுத்துட்டேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இல்லைக்கா, என் கம்பு என்று மூன்று சொல். மூன்று சொல்லுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. "விடுங்கக்கா, தெரியாம தானே பண்ணீங்க" என்றேன். உங்களுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி உங்கள் தலையிலேயே அதை ஏற்றி வைத்தேன். நீங்கள் வெள்ளைக் கைக்குட்டைகளைக் கிழித்து எட்டையும் தனித்தனியாகச் சுற்றினீர்கள். நான் குழி வெட்டினேன். தம்பி விதைக்கு வெட்டச் சொன்ன குழியை அன்றைக்கு வெட்டினேன். மிச்சக் கம்பை மத்தியானம் நீங்கள் தொழுகையில் இருந்த நேரம் பார்த்து என் கொல்லையில் புதைத்தேன்.

அதன்பின் நீங்கள் படமே எடுக்கவில்லை. கேனைக் கழற்றிக் குப்பையில் போட்டீர்கள். போர்வை மட்டும் கொடியில் பல நாள் ஓட்டையோடு தொங்கியது. நானும் மதிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன். ஆய்வு, ஆடிட், பஸ் கிடைக்கவில்லை என்று நாளுக்கொரு சாக்கு. உங்களுக்கு இருந்ததே அந்தக் குருவிகளும் நானும்தான். குருவிகளைக் கொன்றேன். பிறகு நானும் வராமல் போனேன்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்தார்கள். என் அலுவலகத்திலிருந்து அது நடக்கிற தூரம். மத்தியானம் பார்வை நேரத்துக்கு வருவேன். நெஞ்சில் நீர் கோத்து, இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். தம்பி அவித்துக் கொடுத்த மல்லாட்டையை ஒருநாள் எடுத்துவந்தேன். நீங்கள் ஒரு கடலையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே இருந்தீர்கள்.

"வசந்தி, ஒண்ணு கேக்கட்டா? மறுமையில அந்தக் குருவிங்கோ வந்து என் கையப் புடிச்சி, எங்கள ஏன் கொன்னேன்னு கேக்கும். நான் இன்னா பதில் சொல்றது?"

"அப்டிலாம் பேசாதீங்கக்கா."

"நீ பாத்துக்கினுதான இருந்த. வேணும்னு பண்ணலன்னு நீ சாட்சி சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா" என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பார்வை நேரம் முடிந்து மணி அடித்ததும் நான் தப்பித்தோம் என்று எழுந்தேன். ஆமாம் அக்கா, அந்தச் சொல்தான் மனதில் வந்தது. நான்காம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் மகன் வந்து உங்களைச் சொந்த ஊரான கோட்டக்குப்பத்துக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தான்.

திரும்பிப் போகும் முன் அவன் என் வீட்டுக்கு வந்து கேமராவைக் கொடுத்தான். "அம்மா இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாங்க" என்றான். பல மாதம் பீரோவிலேயே கிடந்தது. போன மாதம்தான் சார்ஜ் போட்டுத் திறந்தேன். கடைசிப் படம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம்தான். போனில் மங்கலாகப் பார்த்ததை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். பச்சை இலையோடு இலையாகக் கேன் மறைந்துபோய், நொண்டி மாப்ளயும் குஞ்சும் மட்டும் துல்லியமாகத் தெரிந்தார்கள். நீங்கள் சொன்னது சரிதான். பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் அலகில் ஒரு கம்பு. அதன் நுனியில், என் நான்கு தண்ணீரிலும் போகாமல், ரோஸ் நிறம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

பறக்கும்போதே ஆணா பெண்ணா என்று சொல்கிற உங்கள் கண்ணுக்கு இது தப்பியிருக்குமா? பார்த்துவிட்டுத்தான் கேமராவை எனக்குக் கொடுக்கச் சொன்னீர்களா? அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சாட்சி கேட்டது, நானாகச் சொல்ல ஒரு வழி விட்டதா? இல்லை, ஒன்றும் தெரியாமல் அந்தப் பயத்தோடேயே போய்விட்டீர்களா? தெரிந்து மன்னித்தீர்கள் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தெரியாமல் போனீர்கள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நீங்கள் குப்பையில் போட்ட கேனை அன்றே எடுத்து வைத்திருந்தேன். இப்போது என் பரணில் இருக்கிறது. மதில் மேல் தண்ணீர் மட்டும் வைக்கிறேன். சிட்டுக்குருவிகள் வந்து குடித்துவிட்டு, தலையைச் சாய்த்து என் கையைப் பார்க்கும். தானியம் வைக்க மாட்டேன். அரிசி களையும்போது நான்காவது தண்ணீரில் கை நிற்கிறது, பெயிண்ட் வாசனை வந்தாலும் வராவிட்டாலும்.

அக்கா, நீங்கள் கேட்ட சாட்சி இதுதான். அந்தக் குருவி அங்கே வந்து உங்கள் கையைப் பிடித்தால் பெயிண்ட் கதையைச் சொல்லாதீர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் வசந்தி என்று ஒருத்தி இருக்கிறாள், தானியம் அவள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். என் முறை வரும்போது என் கையை அதனிடம் நீட்டுகிறேன்.

வசந்தி