பதினாறு அங்குலச் சக்கரம்

தம்பி,

அப்பாவை முதுகு ஊசிக்கு வாடகைக் காரில் கூட்டிப் போகிறேன். உன் கார் சாவி மேசையிலேயே இருக்கிறது, நான் தொடவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு.

நேற்று காரின் புதுச் சக்கரத்தை மாற்று என்றதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். சின்னக் காருக்குப் பதினாறு அங்குலம் எடுப்பாகத்தான் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் டயர் வளையல் மாதிரி மெலிந்துபோய், ரோட்டில் இருக்கிற குழியெல்லாம் நேராக அப்பா முதுகில் இறங்குகிறது. போன தடவை பின்சீட்டில் துண்டைக் கடித்துக்கொண்டே வந்தார். நீ கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் சிரித்தார். "ஆசையா மாட்டியிருக்கான், அவன்கிட்ட சொல்லிடாதம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டயர் கடைக்காரரை மதியம் வரச் சொல்லியிருக்கிறேன். பழைய பதினாலு அங்குலச் சக்கரம் நாலும் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. எடுத்துக் கொடு.

பி.கு.: செருப்பு மாட்ட வந்த அப்பா இதைப் படித்துவிட்டார். கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார். "எனக்காகக் கழட்ட வேணாம். இன்னும் எத்தனை தடவை அதுல ஏறப்போறேன்?"

நான் கடைக்காரரிடம் அப்படிச் சொல்லவில்லை. அவர் வந்தால் கதவைத் திற.