காய்ந்த துண்டும் நனைந்த துண்டும்

என் உயிரான மல்லிகா அக்காவுக்கு,

உன்னைக் கட்டிய மச்சான் ஜாமீனில் வந்துவிட்டார். நாளை திண்டுக்கல் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு முன், உன்னைச் சுடுகாட்டுக்கு எடுக்கவிருந்த அன்று நடந்ததை உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பூண்டு வயலில் வரப்பு வழுக்கி விழுந்துவிட்டாய் என்றார் மச்சான். உடம்பில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை. கொடைக்கானல் போலீஸ் வரை போகாமல், ஊர் கூடிப் பேசி முடிப்பதுதானே நம் வழக்கம்?

"ஈரத்துண்டுல அடிச்சே கொன்னுட்டாரு" என்றேன். "தழும்பு விழாதுடி, யாருகிட்டயும் சொல்லாத" என்று நீ சொன்னதை அதுவரை காப்பாற்றி வந்தேன். அது தப்பா அக்கா?

ஊர்த்தலைவர் பெரியப்பா, கொடியில் காய்ந்த மச்சானின் துண்டை எடுத்துவரச் சொன்னார். அது கை மாறிக்கொண்டே போனது. ஒருவர் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்.

"பஞ்சு மாதிரி கெடக்கு. இதுல அடிச்சா ஈயாச்சும் சாகுமா?"

"காலேஜ்ல கதை கட்டவும் சொல்லிக் குடுத்திருப்பாங்க போல."

சிரித்தார்கள். உன் முன்னால்.

நான் படித்தது துணியைப் பற்றித்தான். துண்டு மெத்தென்றிருப்பது அதன் நூல்வளையங்களில் அடைந்திருக்கும் காற்றால். நனைந்தால் அந்த இடத்தில் நீர் ஏறிக் கனக்கும். பருத்தி இழை ஈரத்தில் நையாது, இன்னும் வலுக்கும். முறுக்கினால் இழைகள் நகர வழியின்றிக் கட்டையாக இறுகும். இதையெல்லாம் வகுப்பில் எழுந்து சொல்லக்கூட எனக்கு வாய் வராது.

அன்றும் வரவில்லை. துண்டைத் தொட்டியில் முக்கி, முறுக்கி, நுனியில் முடிச்சுப் போட்டேன். சந்தைக்கு வைத்திருந்த முட்டைக்கோஸ் ஒன்றைத் துவைகல்லில் வைத்து அடித்தேன்.

"ஏலே, அவளப் புடிங்கடா!" என்று மச்சான் கத்தினார்.

நிறுத்தவில்லை. என் தோள் வலிக்கும்வரை அடித்தேன். அடிப்பது இவ்வளவு சுலபமா என்று பயமாக இருந்தது.

கோஸின் மேலிலை கிழியவில்லை. பெரியப்பா உரித்தார். உள்ளே நொறுங்கிச் சாறு வடிந்தது.

"துண்ட இப்பத் தொட்டுப் பாருங்க பெரியப்பா."

தொட்டார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "வெரசா போலீசுக்குப் போனப் போடுங்கப்பா."

போஸ்ட்மார்ட்டத்தில் பார்த்தால், மண்ணீரல் கிழிந்து உன் வயிறெல்லாம் ரத்தமாம். உன்னை அறுக்கக் கொடுத்தவள் நான்தான். என்மேல் கோபமா?

நாளை மச்சான் எதிரில் நிற்பார். அவருடைய வக்கீல் என்னைச் சத்தமாகப் பேசச் சொல்வார். குரல் நடுங்கும், ஆனாலும் பேசுவேன். மச்சான் உன்னை எத்தனை வருடம் அடித்தார் என்பதோடு, அது எத்தனை வருடம் எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொல்வேன்.

உன் பேச்சை மீறிய தங்கை,
செல்வி