ஆலங்கரைக் கிடை ஆடுகள் மீது நான் எழுதிய மனு

அனுப்புநர்:
ஆசிபா,
க/பெ அப்துல்லா,
ஜெராக்ஸ் மற்றும் தட்டச்சுக் கடை,
கடைத்தெரு, பாகூர்,
புதுச்சேரி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து, ஆலங்கரை ஏரிப் புறம்போக்கில் கிடைக்காரக் குடும்பங்கள் ஆடு மேய்க்கவும் தங்கவும் விதிக்கப்பட்ட தடையை நீக்கக் கோருதல், அத்தடைக்குக் காரணமான மனுவில் நான் எழுதிய பொய்யான வரிகளைச் செல்லாதவை எனப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஆலங்கரை பொதுமக்கள் மனு, நாள் 10.02.2025
2. திருமதி வேலம்மாள் மனு, நாள் 17.02.2025
(இரண்டையும் எழுதித் தட்டச்சு செய்தவர் இம்மனுதாரர்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பாகூர் கடைத்தெருவில் பதினான்கு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறேன். எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் அலுவலக நடையில் எழுத வராதவர்களுக்கும் மனு எழுதித் தருவது என் தொழிலில் பாதி. பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, குடிநீர் என்று பல நூறு மனுக்கள் பிறர் பெயரில் என் கையால் போயிருக்கின்றன. என் பெயரில் எழுதுவது இதுவே முதல் முறை. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. ஒவ்வோர் ஆண்டும் சம்பா அறுவடை முடிந்ததும் நடேசன், வேலம்மாள் தம்பதியர் தங்கள் செம்மறி மந்தையுடன் எங்கள் பகுதிக்கு வருவார்கள். மழைக்காலம் முழுவதும் செஞ்சிக்கு மேற்கே குன்றுக் காடுகளின் ஓரத்தில் இருப்பார்கள். தை பிறந்ததும் இறங்கி, வில்லியனூர் வழியாக மேய்த்துக்கொண்டே பாகூர் வந்து சேருவார்கள். பகலில் ஏரிப் புறம்போக்கில் மேய்ச்சல். பொழுது சாய்ந்ததும் யாராவது ஒருவர் வயலில் வலை கட்டி ஆடுகளை மடக்குவார்கள். அதைத்தான் கிடை போடுவது என்கிறோம். கிடை போட்ட வயலுக்கு அந்தப் போகத்தில் வேறு எரு தேவைப்படாது. 'எங்க வயலுக்கு எப்ப?' என்று பக்கத்து ஊரான செலியமேட்டு விவசாயிகள் முன்கூட்டியே சொல்லிவைத்துக் காத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். நடேசன், வேலம்மாளுக்கு வீடு என்று எங்கும் கிடையாது. ஆடும், வலையும், பாத்திரங்களும், இளங்குட்டிகளை அடைத்து வைக்கும் மூங்கில் கூண்டுகளும்தான் குடும்பம்.

3. இவ்வாண்டு பிப்ரவரி 3 அன்று அவர்கள் ஆலங்கரை வந்தார்கள். அதே வாரத்தில் ஆலங்கரையில் ஏழு வெள்ளாடுகள் வாயில் புண் கண்டு, கழிச்சலாகி இறந்தன. அவற்றில் நான்கு, விதை மற்றும் உரக்கடை வைத்திருக்கும் திரு. ஏகநாதனுடையவை. பிப்ரவரி 10 காலை அவர் ஊரார் எட்டுப் பேருடன் என் கடைக்கு வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அவருடைய மகள் கைப்பட வளர்த்த ஆடுகள் அவை. "கெடக்காரங்க வந்தப்புறம்தாம்மா செத்துச்சு. அத எழுது, போதும்" என்றார். அவர்கள் சொன்னது அவ்வளவே.

4. ஐயா, இனி வருவதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். "எவ்வித அடையாள ஆவணமும் இன்றித் திரியும் வெளியாட்கள்" என்று எழுதினேன். "நோயுற்ற ஆடுகளைத் தெரிந்தே ஊருக்குள் ஓட்டி வந்துள்ளனர்" என்று எழுதினேன். "இவர்களது ஆடுகளைத் தனிமைப்படுத்தி, எவரும் அணுகாவண்ணம் அடைத்து வைக்க வேண்டும்" என்றும் எழுதினேன். வெறும் சந்தேகத்தைச் சொல்லும் மனு மேசையிலேயே கிடக்கும், அழுத்தமாக எழுதினால்தான் நகரும் என்பது இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது. அப்போது நான் அந்தக் குடும்பத்தாருடன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. வாசித்துக் காட்டியபோது ஊரார் தலையாட்டினார்கள். ஒன்பது பேரும் கையொப்பமிட்டார்கள்.

5. மனு நகர்ந்தது. பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை காலை, 212 ஆடுகளும் மூன்று கிலோமீட்டர் தள்ளி, பிடிபட்ட கால்நடைகளை அடைக்கும் பவுண்டில் அடைக்கப்பட்டன. ஏரிப் புறம்போக்கில் கிடைக்காரர்கள் எவரும் இனி நுழையக் கூடாது என்றும் உத்தரவானது. நோய்ச் சந்தேகம் என்று மனுவிலேயே இருந்ததால், பரிசோதனை முடிவு வரும் வரை எந்த ஆடும் வெளியே வரவோ, வேறு ஆடு உள்ளே போகவோ தடை விதிக்கப்பட்டது. அவ்வாறு செய்தவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. அவர்கள் கையில் இருந்த தாளை நம்பினார்கள். அந்தத் தாள் என்னுடையது.

6. வெள்ளியன்று காலை ஆடுகளை ஓட்டிப் போனபோது, பிறந்து பத்து நாள்கூட ஆகாத நாற்பத்து மூன்று குட்டிகள் வயலில் மூங்கில் கூண்டுகளுக்குள் இருந்தன. தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகும்போது குட்டிகளைக் கூண்டில் விட்டு, திரும்பியதும் பால் குடிக்க விடுவது அவர்கள் வழக்கம். அன்று தாய் ஆடுகள் திரும்பவில்லை. குட்டிகளைப் பவுண்டுக்குத் தூக்கிப் போன நடேசனிடம் உள்ளே விட வழியில்லை என்று சொல்லப்பட்டது. தாய்களின் மடி கட்டி, பால் தானாகத் தரையில் சொட்டியதாக அவர் பின்னர் என்னிடம் கூறினார்.

7. சனிக்கிழமை பிற்பகல் வேலம்மாள் என் கடை வாசலில் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மார்போடு அணைத்த துணிக்குள் ஒரு குட்டி. ஆட்டோடு உள்ளே வரலாமா என்று தயங்கி, வெயிலிலேயே நின்றார். கடைத்தெருவில் யாரோ, மனு எழுத என்னிடம் போகச் சொன்னார்களாம். உத்தரவை நீக்கும்படி அவர் கேட்கவில்லை. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் குட்டிகளைத் தாயிடம் விட்டால் போதும் என்று எழுதச் சொன்னார். ஆவணம் ஏதும் உண்டா என்று கேட்டேன். இடுப்பிலிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தார். இருவரின் ஆதார் அட்டைகளும், ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்ட சீட்டுகளும் இருந்தன. கடைசிச் சீட்டின் தேதி டிசம்பர் மாதம். நோயின் பெயரும் ஊசி போட்ட ஆடுகளின் எண்ணிக்கையும் அதில் தெளிவாக இருந்தன.

8. மனுவைத் தட்டச்சு செய்து எடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. முடியவில்லை. முதல் மனுவையும் நான்தான் எழுதினேன், அதில் இல்லாததை எல்லாம் சேர்த்தேன் என்று சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"அதையும் நீங்கதான் எழுதுனீங்களா தாயி. அப்ப நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அஞ்சு நாள்ல கேட்டுட்டாங்களே. எங்களுக்கும் அதே மாதிரி எழுதுங்க."

அதில் ஏளனம் இல்லை, ஐயா. அவர் உண்மையாகவே கேட்டார். கைரேகை வைத்த கையோடு, பால் புட்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

9. சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு, மருந்துக் கடைகளில் கிடைத்த பால் புட்டிகளையும் பால் பாக்கெட்டுகளையும் வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். பெரும்பாலான குட்டிகளுக்கு ரப்பரைச் சப்பத் தெரியவில்லை. குடித்தவற்றில் சிலவற்றுக்கும் பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு போனது. வேலம்மாள் விரலைப் பாலில் தோய்த்து ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தார். கூண்டுகளுக்குள் கத்தல் ஞாயிறு மத்தியானம் வரை பெரிதாக இருந்தது, மாலையில் குறைந்துவிட்டது. திங்கள்கிழமை அலுவலகம் திறந்ததும் மனுவைக் கொடுத்தோம். அதைப் படித்த அதிகாரி அன்று பிற்பகலே அனுமதி தந்தார். அவருக்கு என் நன்றி உண்டு. அதற்குள் இருபத்தொன்பது குட்டிகள் இறந்திருந்தன. மிஞ்சிய பதினான்கைக் கூடைகளில் தூக்கிக்கொண்டு பவுண்டுக்குப் போனோம். குட்டியை இழந்த ஆடுகள் ஒவ்வொரு குட்டியாக முகர்ந்து முகர்ந்து விலகியதை நடேசன் பார்த்துக்கொண்டு நின்றார். "இதுங்களுக்கு இன்னான்னு சொல்றது" என்று பவுண்டுக் காவலாளிதான் கேட்டார்.

10. பிப்ரவரி 25 அன்று பரிசோதனை முடிவு வந்தது. 212 ஆடுகளில் ஒன்றுக்கும் நோய் இல்லை. மறுநாள் மந்தை விடுவிக்கப்பட்டது. அடுத்த காலையே அவர்கள் மேற்கே புறப்பட்டுவிட்டார்கள். கிடைக்குச் சொல்லிவைத்திருந்த வயல்கள் அப்படியே கிடந்தன. ஆனால் புறம்போக்கில் நுழையக் கூடாது என்ற உத்தரவு மட்டும் இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

11. பரிசோதனை முடிவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, ஜூலை மாதம் பெற்றேன். அதை எடுத்துக்கொண்டு திரு. ஏகநாதன் வீட்டுக்குப் போனேன். சண்டை வரும் என்றே நினைத்தேன். அவர் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பொங்கலுக்கு முன் சந்தையில் தாம் வாங்கிய இரண்டு ஆடுகள்தாம் முதலில் படுத்தன என்றும், அவற்றில் ஒன்று, மனுவில் சொன்ன ஏழுக்கும் முன்பே, ஜனவரி 28-லேயே இறந்துவிட்டது என்றும் தாமாகவே சொன்னார். அப்போது கிடைக்காரர்கள் வில்லியனூரைக்கூடத் தாண்டவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்மா. பொண்ணு அழுதுனு இருந்துச்சு. நான் வாங்கியாந்த ஆட்டாலன்னு அதுங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். இம்மனுவில் தாமும் கையொப்பமிடுவதாக அவரே முன்வந்தார். முதல் மனுவில் கையொப்பமிட்ட மற்றவர்களில் ஐவரும் உடன்பட்டுள்ளனர். மூவர் மறுத்துவிட்டனர் என்பதையும் மறைக்காமல் தெரிவிக்கிறேன்.

12. மேய்ச்சல் தேடிப் பருவந்தோறும் இடம்பெயரும் சமூகங்களின் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அது காடுகளுக்கான சட்டம். ஏரிப் புறம்போக்குக்குப் பொருந்துமா என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் இவர்கள் காட்டில் இருக்கும்போது ஒரு மாநிலம், இங்கே இறங்கினால் வேறு நிர்வாகம். பாகூருக்கு வரும் வழியில் ஒரே நாளில் எல்லையை நான்கைந்து முறை கடக்கிறார்கள். இரண்டு பக்கமும் இவர்கள் மற்ற பக்கத்தவராகவே கருதப்படுகிறார்கள். காட்டோரத்திலும் நட்ட மரக்கன்றுகளுக்காக வேலி வந்துவிட்டதால், இந்த நான்கு மாத மேய்ச்சல் இல்லையென்றால் ஆடுகளை விற்பதைத் தவிர வழியில்லை என்று நடேசன் சொல்கிறார்.

13. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது: ஆலங்கரை ஏரிப் புறம்போக்கில் உள்ள தடையை நீக்கி, தை முதல் சித்திரை வரை மேய்ச்சலுக்கும் ஆடுகள் தண்ணீர் குடிக்கவும் எழுத்துப்பூர்வமாக அனுமதி அளிக்க வேண்டும். பக்கத்து மாநிலத்தில் போட்ட தடுப்பூசிச் சீட்டை இங்கும் ஏற்க வேண்டும். ஏற்க இயலாதெனில் கிடை இருக்கும் இடத்துக்கே வந்து ஊசி போட ஏற்பாடு செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டு மந்தையைப் பிடித்து வைத்தாலும், பால்குடிக் குட்டிகளைத் தாயிடமிருந்து ஒரு வேளைகூடப் பிரிக்கக் கூடாது என்று நிலையான ஆணை வேண்டும். என் முதல் மனுவின் மேற்கண்ட வரிகள் பொய் என்று கோப்பில் பதிய வேண்டும். அதற்காக என் மீது நடவடிக்கை எடுப்பதாயின், விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருகிறேன்.

14. சென்ற வாரம் வேலம்மாள் யாருடைய தொலைபேசியிலிருந்தோ பேசினார். ஆடுகள் மறுபடி சினையாக இருக்கின்றன. மார்கழியில் குட்டி போடும் என்றார். மந்தை விழுப்புரம் தாண்டியதும் பாதை பிரியும். கிழக்கே திரும்பினால் பாகூர். தெற்கே போனால் அவர்களை அறியாத ஊர்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று என்னைக் கேட்டார். தங்கள் பதில் வந்ததும் சொல்கிறேன் என்றேன். அவர்களுக்குத் தபால் போய்ச் சேரும் முகவரி இல்லாததால், தங்கள் பதிலை என் கடைக்கு அனுப்பியருள வேண்டுகிறேன். அது எதுவாக இருந்தாலும், பேருந்து போகும் வரை போய், அதற்கு மேல் நடந்து சென்று, அவர்கள் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.

இணைப்பு: பார்வையில் கண்ட இரு மனுக்களின் நகல்கள், பரிசோதனை முடிவு, தடுப்பூசிச் சீட்டுகள், ஆலங்கரையார் அறுவர் கையொப்பம்.

இடம்: பாகூர்
நாள்: 04.09.2025

பொறுப்பேற்றுக் கையொப்பமிடும்,
ஆசிபா