கோரைப்பாயில் இறங்கிய அரசியார்

மழை தவறாத வெண்பாழி நாட்டை ஆளும் முடியுடையார் உலகுடைய நங்கையாரின் திருவாணையால், அவர்தம் அமைச்சன் தாழிக்கோ வரையும் ஓலை. முகில்மேட்டுக் கோட்டையின் காவல் தலைவரும் அரசியாரின் ஆருயிர்க் கணவருமாகிய ஏறுடைநம்பியார் கண்டு மகிழ்க. தங்கள் வில் தளராதிருக்க. தங்கள் வீரரின் அடுப்பு அணையாதிருக்க. அங்கு வீசும் குளிர்காற்று தங்கள் மார்பைத் தொடாதிருக்க. கடைசி வாழ்த்து அமைச்சன் சேர்த்ததன்று. அரசியார் சொல்லி எழுதியது.

நாடு நலம். அரசியார் நலமோ என்று தாங்கள் கேட்டனுப்பிய போதெல்லாம் இங்கிருந்து மழுப்பலான விடையே வந்தது. குதிரையினின்று விழுந்து நொந்த முதுகு தேறியதென்று துணிந்து எழுத எவருக்கும் கை வரவில்லை. தங்கள் மணிக்கட்டில் கட்டிய எல்லைக் காப்பை, அரசியாரே தம் காலால் மலையேறி வந்து அவிழ்த்தாலன்றித் தாங்கள் கோட்டையை விட்டு இறங்கலாகாது என்பது நம் நாட்டு முறை. பல்லக்கில் வந்து அவிழ்த்தால் அது செல்லாது. ஆகவே அவர் முதுகு தேறுவதும் தாங்கள் வீடு திரும்புவதும் ஒன்றாகிப் போயின.

அதற்கென்றே தாங்கள், கயிறும் உருளையும் சுருள்கம்பியும் பூட்டிய பயிற்சிக் கட்டிலைச் செய்வித்து அனுப்பினீர்கள். அது அரசியாரின் உயரத்தைவிட ஒரு சாண் நீளமாயிருந்தது. தாங்கள் நினைவிலிருந்து தச்சருக்கு அளவு சொன்னபோது, பூச்சூடிய கொண்டையையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள் என்று கண்டு அரசியார் முதலில் நகைத்தார். பிறகு தம் கொண்டையை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

வெறுந்தரையில் பாய் விரித்து உடலின் பாரத்தை உடலே தாங்கப் பழக்குவது மருத்துவி அல்லியங்கோதையாரின் முறை. எனினும் நொந்த முதுகுக்கு முதலில் கட்டிலின் தாங்கல் நன்றென்று அவரே ஒப்பினார். அரசியார் கயிற்றில் கால் மாட்டி, கம்பியின் இழுப்புக்கு ஈடுகொடுத்து நீட்டி மடக்கினார். நோவு தணிந்தது; முகத்தில் களை வந்தது.

வினை அதன்பின் வந்தது. இனிப் பாய்க்கு இறங்க வேண்டுமென்று மருத்துவி சொன்னபோது அரசியார் செவிகொடுக்கவில்லை. கயிறு காலைத் தாங்கும்போது தங்கள் கையே தாங்குவதாக அவர் உணர்ந்தார். தங்களைக் காணாமல் ஏங்கிய நெஞ்சுக்கு அந்தக் கட்டிலை விட்டு எழ மனமில்லை. அவையோரைக் கேட்டபோது, வழக்கம்போல் இருவர் சொல்லுக்கும் தலையாட்டினர்.

ஒருநாள் காலை, எவரிடமும் சொல்லாமல் நந்தவனக் குன்றில் ஏறப்போன அரசியார் முதுகு பிடித்துக்கொண்டதால் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். தேடி வந்த மருத்துவி, கட்டிலில் கயிறு சுமந்த பாரத்தை மலையில் யார் சுமப்பார் என்று பணிந்து வினவினார். அரசியார் சினந்தார், பிறகு அழுதார். கணவரின் கை என்று எண்ணிக் கயிற்றைப் பற்றிக் கிடந்து, அந்தக் கையிடம் போய்ச் சேரும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டதாகச் சொல்லி அழுதார்.

அன்றே கோரைப்பாய் விரிந்தது. தாங்க ஒன்றுமின்றி இரு காலையும் உயர்த்துவதற்குள் முடியுடையாருக்கு வியர்த்துக் கொட்டியது. ஓலையில் எழுத ஒண்ணாத சொற்களும் வாயில் வந்தன. பாயை மட்டும் அவர் விடவில்லை. இப்போது அதே குன்றின் உச்சியில் நின்று, மூச்சு வாங்காமல், பின்தங்கி வரும் இவ்வமைச்சனை ஏசுகிறார். இதைவிட நற்குறி வேறில்லை.

ஆதலால் முடியுடையாரின் ஆணையாவது: மலைப்பாதையை மழை மூடுமுன் அரசியார் தம் காலால் ஏறி வருவார். ஆவல் மிகுந்து எதிர்கொள்ளத் தாங்கள் ஒரு படியும் இறங்கலாகாது. இறங்கினால் முறை கெடும். கோட்டை முற்றத்தில் பாய் விரிக்குமளவு தரையைப் பெருக்கி வைக்க. கட்டில் மருத்துவச்சாலைக்கு அளிக்கப்பட்டது; நொந்த வேறு முதுகுகள் அதில் தேறட்டும்.

அரக்கில் அரசியாரின் கணையாழி பதிந்தது. பதித்தபின், அமைச்சனைச் சற்றே திரும்பி நிற்கச் செய்து அவர் சொல்லிய ஆணை ஒன்று உண்டு. காப்பு அவிழ்ந்ததும், அரசியாரின் உயரத்தைத் தாங்களே தங்கள் கையால் மறுபடி அளந்தறிய வேண்டும். அப்போது கொண்டை அவிழ்ந்திருக்கும்.