ஆடிக்கு வராத ஆள்

அன்புள்ள துர்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

உன் இரண்டாவது ஆல்பத்தை, கூட வேலை செய்பவர்களோடு தங்கியிருக்கும் அறையில் போட்டேன். பாடுவது என் மனைவி என்று அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் என் முகத்துக்காகப் புகழ்வார்கள். அன்று சமையல் என் முறை. கேட்டுக்கொண்டே நின்றதில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

வேலூர் குணசேகரனுக்கு மட்டும் குறை. "மொத ஆல்பத்துல பம்பை பின்னிச்சு. இதுக்கு எப்டிப்பா ஆடறது?" என்றான். மறுநாள் குளிக்கும்போது அவனே பாடிக்கொண்டிருந்தான்.

ஆடிக்கிருத்திகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத புருஷனைப் பற்றிய பாட்டுதான் எல்லோரையும் உலுக்கியது. "இன்னா எழுத்துப்பா! பட்டவங்கதான் இப்டி எழுத முடியும்" என்றார்கள். அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். நகரிக்காரர் ராமண்ணா மறுபடி மறுபடி போடச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "கடசீல அவன் வந்தானா, இல்லியா?"

இந்தப் பக்கம் யாராவது வந்தால் ரசப்பொடி கொடுத்து அனுப்பு. அந்தப் பாட்டை உன் கையெழுத்தில் எழுதி அதோடு வை.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. ராமண்ணாவிடம் "வந்தான்" என்று சொல்லிவிட்டேன். லீவும் கேட்டிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிட வேண்டாம் என்று, மலைக்குப் போகும்போது முருகனிடம் நீ ஒரு வார்த்தை சொல்.

உன்
தணிகாசலம்