மேஸ்திரியின் கிண்டல்

ராயபுரம், 1953

என் கோபக்காரிக்கு,

உன் தம்பி ஜெயவேலின் கருமாதி முடிந்து நெட்டுக்குப்பம் போனவள், அம்மா கைச் சோற்றில் ஒரு சுற்றுப் பெருத்திருப்பாய். இங்கே நான் வைக்கிற குழம்பை நாய்கூடத் தொடுவதில்லை.

ஜெயவேல் கால் வழுக்கி விழுந்தான் என்று சொன்னேனே, அது பொய். கப்பலிலிருந்து அரிசி மூட்டை இறக்கும்போது, "மாமு, கவுறு நைஞ்சிகீது" என்றான்.

"இன்னாடா மாப்ளே, பொண்ணு பார்த்த ஒடனே உசுரு மேல ஆசை வந்துட்ச்சா?" என்றேன். ஆட்களெல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே, தொங்கிய மூட்டைக்கு அடியில் போனான். கயிறு அறுந்துவிட்டது.

இன்று காலை துறைமுக கேட் அருகே ஆளெடுக்கும்போது, "கவுறு சரியில்லன்னா சொல்லுங்கடா, வேலைய நிறுத்திடலாம்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

என் கிண்டலால்தான் இவர்களுக்குத் தைரியம் வருகிறது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நான் கை காட்டினால்தான் அன்றைக்கு வேலை. அந்தப் பயத்தில் சிரித்திருக்கிறார்கள். உன் தம்பியும் அப்படித்தான்.

வேலையை நிறுத்தலாம் என்று நாளைக்கும் சொல்வேன். ஒருத்தனாவது சிரிக்காமல் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிற வரைக்கும் சொல்வேன்.

உன் அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டு. அப்புறம் வருவதும் வராததும் உன் இஷ்டம்.

உன் வீட்டுக்காரன்