இடம் மாறாத கோடு

என் இல்லத்துணைக்கு, இறையருளால் நலமே உள்ளேன். உன் மூச்சிரைப்பும் இருமலும் தணிந்தனவா?

தொலைவான வாயு மேகத்தில் புதிய மூலக்கூறு ஒன்றின் அடையாளமான வானொலி அலைக் கோட்டைக் கண்டதாக எழுதியிருந்தேன். பூமி சூரியனைச் சுற்றச் சுற்ற அக்கோடு சற்றே இடம்பெயர வேண்டும். எட்டு மாதமாகியும் அசையவில்லை. நேற்று தொலைநோக்கி இயக்குபவர் சொன்னார்: "ஐயா, பேசுறது மேகமில்ல, உங்க காது மிஷினு."

நீ வாங்கித் தந்த காதுக் கருவியைக் கழற்றினேன், கோடு மறைந்தது; அதுவும் வானொலி அலை உமிழ்கிறதாம். ஆண்டவன் படைப்பைக் கேட்டதாகச் செருக்குற்றிருந்தேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இந்தத் தொலைநோக்கி வளாகத்தில் அக்கருவிக்கு இனி அனுமதியில்லை. ஞாயிறுதோறும் அலுவலகத் தொலைபேசியில் உன்னோடு பேசியதும் அதனோடு போயிற்று.

என் கண்ணுக்கும் வயதாயிற்று, பெரிய எழுத்தில் எழுது. இனிக் கடிதம்தான்; தபால் உறை இரண்டு கட்டு அனுப்பு. தபால் வண்டி புறப்படுகிறது. இருமலை மறைக்காமல் எழுது. இனி உன் குரலைக் கொண்டு அதை நான் கண்டறிய இயலாது.